பாசிப்பாரில் யாரும் இல்லை என்றார்கள்

1

புனேயில் கடல் இல்லை. ஆனாலும் கடலைக் காப்பாற்றுகிற வேலை இங்கே நடக்கிறது. ஹடப்சரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மாடியில், ஏசி அறையில் உட்கார்ந்து, கணினித் திரையில் நீலமாகத் தெரியும் தண்ணீருக்கு எல்லைக்கோடு வரைவது எங்கள் அலுவலகத்தின் தொழில். எந்த இடத்தில் மீன் பிடிக்கலாம், எந்த இடத்தை மூடிவைக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்கும் நிதி தரும் கம்பெனிகளுக்கும் யோசனை சொல்வோம். கடலோரத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரலாம். முதல் ஆறு மாதம் எனக்கும் வந்தது.

இங்கே நான் வருடத்தைக் கணபதி விழாவை வைத்துத்தான் எண்ணுகிறேன். போன கணபதி எனக்கு மூன்றாவது. சிலைகளைக் கரைத்து முடித்த மறுநாள், தெருவெல்லாம் குலால் வண்ணப்பொடியும் நசுங்கிய சாமந்தியுமாகக் கிடக்க, அலுவலகத்துக்குப் போனால் மேசையில் பெரிய கேக் இருந்தது. மன்னார் வளைகுடாவில் நாங்கள் வரைந்த ஒரு பாதுகாப்பு எல்லையை, பணம் போட்ட கம்பெனி பாராட்டி மெயில் அனுப்பியிருந்தது. அந்த எல்லை எங்கள் ஊருக்கு நேரே இருக்கிறது. சொந்த ஊர் என்பதால் அந்த வேலையை என்னிடம் தரவில்லை. அது அலுவலக விதி. நான் கொங்கண் பக்கத்து வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, உங்க ஊர் ஜெயிச்சிருச்சு! பெரிய துண்டு உனக்குத்தான்," என்றான் கிரீஷ். அவன் ரத்னகிரிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊர்க் கடலில் இறங்கி ஆய்வு செய்த குழுவுக்கு அவன்தான் தலைவன். என்னைவிட மூத்தவன், ஆனாலும் தெற்கிலிருந்து வந்தவன் எவனும் இங்கே அண்ணாதான்.

"எப்படி இருந்துச்சு எங்க கடல்?" என்று இந்தியில் கேட்டேன். பெருமையாகத்தான் கேட்டேன்.

"கண்ணாடி மாதிரி. ஒரு ஆள் இல்ல, ஒரு படகு இல்ல. இவ்வளவு சுலபமா நான் எங்கயும் கோடு போட்டதே இல்ல. கரைக்குப் பக்கத்துல ஒரு பாறைத் திட்டு இருக்கு பாரு, பாசி அப்படி மண்டிக் கெடக்கு. கை படாத இடம். யாரும் அதை நம்பிப் பொழைக்கலன்னு எழுதி முடிச்சிட்டோம்."

"எப்பப் போனீங்க?"

"பிப்ரவரி."

"அமாவாசைக்கா, பௌர்ணமிக்கா?"

அவன் சிரித்துவிட்டான். "அரே, முகூர்த்தம் பாத்தா போவாங்க? ரெண்டுக்கும் நடுவுல. அப்பத்தானே நீரோட்டம் மந்தமா இருக்கும், கேமராவுக்குத் தெளிவா தெரியும்."

கேக் தட்டை அப்படியே வைத்துவிட்டேன். கிரீஷ் சொன்ன அந்தப் பாறைத் திட்டில்தான் என் அம்மா பாசி எடுக்கிறாள். அந்த வருமானத்தில்தான் நான் எம்.எஸ்சி. வரைக்கும் படித்தேன்.

2

கடலுக்குள் முங்கிக் கிடக்கும் பாறைத் திட்டை எங்கள் பக்கம் பார் என்போம். பாசி வளர்வதால் இது பாசிப்பார். கரையிலிருந்து வத்தை என்கிற சின்னப் படகில் போய், பக்கத்தில் நங்கூரம் போட்டு, பெண்கள் மட்டும் முங்கி எடுப்பார்கள். கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி. விரல்களில் துணிச் சுற்று. பாறை கிழிக்காமலிருக்கக் காலில் தகடோ பழைய ரப்பரோ கட்டிக்கொள்வார்கள். இடுப்பில் சாக்கு. மரிக்கொழுந்துப் பாசி என்று ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் கிராக்கி. கரையில் காயவைத்து மூட்டை கட்டினால் வியாபாரி எடுத்துப்போவார். அகர் என்கிற சைனா கிராஸ் செய்கிற கம்பெனிகளுக்கு அது போகும்.

சில வருடங்களுக்கு முன் பாசி குறைந்துபோனது. சாக்கு நிறையவில்லை. அப்போது இந்தப் பெண்கள் தங்களுக்குள் பேசி ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள் மட்டுமே இறங்குவது. தண்ணீர் நன்றாக வற்றுகிற நாட்கள் அவை. நடுவில் உள்ள நாட்களில் யாரும் பார் பக்கம் போகக் கூடாது. பாசி துளிர்க்க வேண்டும். இறங்கும் நாட்களிலும் கையால் கிள்ளித்தான் எடுக்க வேண்டும், இரும்பு வைத்துச் சுரண்டக் கூடாது.

இதை மீறினால் அபராதம் கிடையாது. அடுத்த தடவை வத்தையில் இடம் கிடையாது, அவ்வளவுதான். வத்தை இல்லாமல் பாருக்குப் போக முடியாது, போனாலும் நனைந்த சாக்கை இழுத்துக்கொண்டு திரும்ப முடியாது. "எடமில்ல" என்று சொல்வது எங்கள் தெருவில் பாக்கியம் அத்தை. சொந்தத் தங்கச்சிக்கே சொன்னவள். ஒரு பௌர்ணமி முழுக்க அந்தத் தங்கச்சி கரையில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் அக்காளைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் மறுபடி மீறவில்லை.

பாசி திரும்ப வந்தது. கிரீஷ் பார்த்து வியந்தது அந்தப் பாசியைத்தான். கை படாத இடம் என்று அவன் சொன்னது, கைகள் தள்ளி நின்ற இடம். அவர்கள் ஒழுங்காக விலகி இருந்ததாலேயே அவன் கண்ணுக்கு அகப்படவில்லை. இது ஒரு தடவை நேர்ந்த பிசகும் அல்ல. ஆய்வுக்காரர்களுக்கு வசதியான மந்த நீர் நாளும் இவர்கள் மூடிவைக்கிற நாளும் எப்போதும் ஒன்றாகத்தான் வரும். எத்தனை முறை போனாலும் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

3

நான் தங்கியிருப்பது வானவடியில், ஸ்டெல்லா ஆன்ட்டி வீட்டு மேல்மாடி அறையில். அவருடைய அப்பா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து படைத்தளவாடத் தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பம். ஆன்ட்டி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தமிழில் பாதி மராத்தி. "ஏய், பாஜிக்கு மீட் போட மறந்துட்டேன்" என்பார். மீட் என்றால் உப்பு என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. அவர் மகள் ஷெரின் கல்லூரியில் படிக்கிறாள்; தமிழில் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவாள், ஆங்கிலத்தில் முடிப்பாள். தமிழ் எழுத்து அவளுக்குக் கோலம் மாதிரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி சைனா கிராஸ் புட்டிங் செய்திருந்தார். பால் நிறத்தில் ஆடிக்கொண்டிருந்த துண்டை ஷெரின் என் தட்டில் வைத்தாள்.

"இது எங்க அம்மா எடுக்குற பாசியிலருந்து வர்றது," என்றேன்.

"ஐயே! சீவீட்? அண்ணா, இது வெஜ் தானே?"

"நீ கோழி திங்கறவ, உனக்கென்ன வெஜ் கவலை?" என்றார் ஆன்ட்டி. பிறகு என் முகத்தைப் பார்த்தார். "என்னடா, அப்படி உக்காந்திருக்க? தபியத் சரியில்லையா?"

விஷயத்தைச் சொன்னேன். ஆன்ட்டி கேட்டார், வருத்தப்பட்டார். "ஆனா பேட்டா, நேச்சரைக் காப்பாத்தறது நல்லதுதானே? கொஞ்ச நாள் எடுக்காம இருந்தா என்ன ஆயிடும்?" ஷெரினுக்கு இதெல்லாம் பாடமாகவே இருக்கிறது. "எக்ஸாக்ட்லி. நோ-டேக் ஸோன்னா ஃபிஷ் எல்லாம் திரும்ப வரும், அண்ணா. வீ ஹேட் இட் இன் எக்ஸாம்."

இருவரிடமும் எனக்குக் கோபமில்லை. எனக்கும் அதே பாடம்தான். நானும் அதே விடையை எழுதித்தான் மதிப்பெண் வாங்கினேன்.

மாலையில் அம்மாவுக்குப் போன் செய்தேன். எங்கள் பாரைச் சுற்றிக் கோடு போட்டிருக்கிறார்கள், மிதவை போட்டு மூடப்போகிறார்கள் என்று சொன்னேன்.

"யாரு போட்டாக?"

"எங்க ஆபீஸ்தான்மா."

"நீ இருக்கியேய்யா அங்க?"

பதிலாக, யாரும் பாசி எடுக்கவில்லை என்று அறிக்கையில் இருப்பதைச் சொன்னேன்.

அம்மா வெகுநேரம் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவளிடம், "ஏலா, நாமெல்லாம் இல்லையாம்லா!" என்று கத்திச் சொன்னாள். அங்கேயும் சிரித்தார்கள். அப்புறம் போனில் மெதுவாக, "அப்ப எறங்கக் கூடாதுன்னு சொல்லிருவாகளோ?" என்றாள்.

4

எல்லா இடத்திலும் இந்த வேலை பாழாகிறது என்று நான் எழுதினால் அது பொய். கொங்கணில் நானே பார்த்த ஒரு ஊர் இருக்கிறது. கிரீஷின் மாமா ஊர். அங்கே கழிமுகத்தை மழைக்காலத்தில் மூடிவைக்கிறார்கள், மீன் முட்டையிடுவதற்காக. காவலுக்கு ஆளே கிடையாது. ஏன் யாரும் வலை போடுவதில்லை என்று நான் கேட்டபோது, மீன் ஏலம் விடுகிற ஒரு கோளி மீனவப் பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்: "போடட்டும். எங்க கொண்டுபோய் விப்பான்? நாங்க கூடையைத் தொட மாட்டோம். அவன் பொண்டாட்டிக்கு பஜார்ல உக்கார எடம் குடுக்க மாட்டோம். அப்புறம் வீட்ல அவன் சோத்தை எப்படித் தின்பான்னு பாக்கறேன்."

அந்த ஊரில் ஒரே துறை, ஒரே சாதி, ஒரே கோயில். சந்தை பெண்கள் கையில். சர்பஞ்ச், அதாவது பஞ்சாயத்துத் தலைவியும் அவர்களில் ஒருத்தி. எங்கள் அலுவலகம் போய் இறங்கியபோது யாரைக் கேட்க வேண்டும் என்று கிரீஷுக்குத் தெரிந்திருந்தது. மாமா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். அந்த வெற்றிதான் "கொங்கண் மாதிரி" என்ற பெயரில் எங்கள் ஊருக்கு வந்தது. அதே பயிற்சி, அதே படங்கள், அதே மிதவைகள்.

எங்கள் ஊர் வேறு. எங்கள் ஊரில் எதையும் முடிவு செய்வது மீனவர் ஊர்க்கூட்டம். கூட்டத்தில் உட்கார வேண்டுமென்றால் தலைக்கட்டாக இருக்க வேண்டும். அதாவது கல்யாணமாகி, ஊருக்கு வரி கட்டுகிற ஆண். கணவன் இல்லாத பெண் அரைத் தலைக்கட்டு. அரை வரி கட்டலாம், கூட்டத்துக்கு வர முடியாது. பாசி எடுப்பவர்களில் பாதிப் பேர் என் அம்மாவைப் போல அரைத் தலைக்கட்டுகள். மீதிப் பேரின் புருஷன்மார்கள் படகில்லாதவர்கள். கூட்டத்தில் பின்வரிசையில் நிற்பவர்கள். நான் கல்யாணமாகாதவன், ஊரில் இல்லாதவன். புனேயில் கம்பெனிக்காரர்கள் முன்னால் கடலைப் பற்றி ஒரு மணி நேரம் பேச எனக்கு மைக் கொடுக்கிறார்கள். என் ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்க எனக்கு உரிமையில்லை.

எங்கள் குழுவினர் ஊருக்குப் போய் முறைப்படி "பெண்கள் குழு" ஒன்றையும் அமைத்தார்கள். யாரை வைத்து? ஊர்க்கூட்டத் தலைவர் வீட்டு முற்றத்தில் கூடியவர்களை வைத்து. அதில் கடலில் கால் நனைத்தவர்கள் ஒருவரும் இல்லை. கடலில் இறங்குகிறவர்கள் ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்பில் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் போகவில்லை.

மேடத்திடம் இதையெல்லாம் சொன்னேன். எங்கள் அலுவலகத் தலைவி அவர். நல்லவர், கேட்கத் தெரிந்தவர். இருபது நிமிடம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"முருகேஷ், நான் உன்னை நம்பறேன். ஆனா கோடு போட்ட பிறகு எல்லாரும்தான் அது என் இடம்னு வருவாங்க. ஊர்த் தீர்மானம் வேணும். இல்லன்னா நம்ம ஆட்கள் கண்ணால பாத்திருக்கணும்."

"என் அம்மா போன்ல படம் இருக்கு, மேடம். பாசி எடுக்குற படம்."

"உன் அம்மா. அதனாலதான் அதை நான் எடுத்துக்க முடியாது. உனக்கே தெரியும்."

தெரியும். அந்த விதியைப் புதிதாக வருகிறவர்களுக்கு விளக்குவதே நான்தான்.

"ஜனவரியில கிரீஷ் எப்படியும் மறு ஆய்வுக்குப் போறான். அவன் பாத்தா எழுதட்டும்," என்றார். அதுவே பெரிய சலுகை என்பது எனக்குப் புரிந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

5

ஊர்த் தீர்மானத்துக்காகத் தலைவருக்குப் போன் செய்தேன். ஊர்க்கூட்டத் தலைவர், இரண்டு விசைப்படகு வைத்திருப்பவர். என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

"தம்பி! பூனாவுல குளுருதா? ஒன்னப் பத்தித்தான் ஊரே பேசுது. ஒங்க ஆபீசுக்காரக தங்கமானவுக."

பாசிப்பாரைப் பற்றிச் சொன்னேன். கூட்டத்தில் வைத்து ஒரு தீர்மானம் போட்டுத் தந்தால் போதும், பாரை மட்டும் கோட்டுக்கு வெளியே எடுத்துவிடலாம் என்றேன்.

"அது பெரியவுக பேசி முடிச்ச விசயம் தம்பி."

"விசைப்படகு போற தடத்த மட்டும் கோட்டுக்கு வெளிய விட்டிருக்காங்களே மாமா. இழுவை மடிவலைதான பாரை ஒடைக்குது? பொம்பளைக கையா ஒடைக்குது?"

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "நீ படிச்ச புள்ள, எல்லாம் தெரியுது. இதயும் தெரிஞ்சுக்க. ரோந்துக்கு எங்க மச்சான் படகத்தான் எடுக்குறாக. அந்தக் குடியிருப்பு ஓட்டு போன தடவ எந்தப் பக்கம் போச்சுன்னு எனக்குத் தெரியாதா? அவளுகளுக்கு நான் தீர்மானம் போடுவனா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒங்கம்மா பாவம். அவுகளுக்கு வேணும்னா ரோந்துப் படகுல சமையல் வேல மாதிரி ஏதாச்சும் பண்ணித் தாரேன். மத்தவகளப் பத்தி நீ பேசாத."

அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அவன் படகுல சோறாக்கி, பாக்கியத்தப் புடிச்சுக் குடுக்கவா?" என்றாள்.

இனி ஒன்றுதான் பாக்கி. கிரீஷ் போகும்போது அவன் கண்ணில் பெண்கள் பட வேண்டும். பௌர்ணமியை ஒட்டிப் போகச் சொல்லிக் கேட்டேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அண்ணா, புரிஞ்சுக்கோ. அந்த நாள்ல ஓட்டம் இழுக்கும், தண்ணி கலங்கும். போன தடவை எடுத்ததோட ஒப்பிட முடியாது. முங்கற டைவர்களோட தேதி, டிக்கெட் எல்லாம் போட்டாச்சு. நான் நல்லா சுத்திப் பாக்கறேன், ப்ராமிஸ்."

அவன் சொன்ன தேதியை அம்மாவிடம் சொன்னேன். அவள் காலண்டரைப் பார்க்கவில்லை. மனதுக்குள் நிலாவைக் கணக்குப் போட்டுவிட்டு, "அது எறங்காத நாளாச்சே," என்றாள்.

6

குடியிருப்பில் நடந்ததை அம்மா போனில் சொன்னாள். பொதுக் குழாயடியில் எல்லோரும் கூடிப் பேசியிருக்கிறார்கள். ஆய்வுக்காரர்கள் வரும் நாளில் இறங்குவது என்று அம்மாதான் முதலில் சொன்னாளாம். பாக்கியம் அத்தை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"நம்ம வச்ச கட்ட நம்மளே ஒடைக்கவா? அப்புறம் நாளைக்கு எவளுக்கு நான் எடமில்லைன்னு சொல்லுவேன்?" என்று கேட்டிருக்கிறாள்.

"பாரே போயிருச்சுன்னா எடத்த வச்சு என்னடி பண்ணுவ? வத்தையில உக்காந்து தாயம் வெளையாடுவியா?" என்று அம்மா கேட்க, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். பாக்கியம் அத்தை சிரிக்கவில்லை.

"வேணாம்மா," என்றேன் நான். "துளிர் விடுற நேரம். அத்தை சொல்றது சரி."

"சரிதான்யா. சரின்னு எனக்குத் தெரியாதா? இத்தன வருசமா சரியா இருந்தோம், இல்லைன்னு எழுதிப்புட்டாக. நாங்க இருக்கோம்னு காட்டணும்ல? வேற வழி இருந்தாச் சொல்லு."

எம்.எஸ்சி.யில் இரண்டு வருடம் கடல்வளப் பாதுகாப்பு படித்தேன். பவளம் எப்படி வெளுக்கும், மீன்குஞ்சு எங்கே தங்கும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். குழாயடியில் இருப்பவளை ஊர்க்கூட்டத்துக்குள் எப்படிக் கொண்டுபோவது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது தெரியாமல் மற்றதெல்லாம் தெரிந்து என்ன பயன் என்று இப்போது தோன்றுகிறது.

பொங்கல் கழித்து கிரீஷ் போனான். எறங்காத நாளில் வத்தை போனது. பாக்கியம் அத்தை கரையிலேயே நின்றுவிட்டாள்.

அவன் திரும்பி வந்த அன்று நேராக என் மேசைக்கு வந்தான். முகமெல்லாம் மகிழ்ச்சி. எனக்கு நல்லது செய்துவிட்டோம் என்கிற மகிழ்ச்சி. "பாத்தேன் அண்ணா! உங்க பெண்களைப் பாத்தேன். என்ன ஒரு முங்கு முங்கறாங்க! எங்க டைவர் அசந்துபோயிட்டான். எல்லாம் எழுதிட்டேன். படமும் இருக்கு."

திரையில் காட்டினான். சாக்கு நிறைய இளம் பச்சை. ஒரு படத்தில் நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அம்மா கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். நன்றாகத் தெரிய வேண்டும் என்று நிமிர்ந்து நின்றிருந்தாள்.

மேடம் கூட்டம் போட்டார். கிரீஷின் குழு எழுதியது இதுதான்: முன்பு நினைத்ததற்கு மாறாக அங்கே ஆட்கள் இறங்குகிறார்கள். பாசி துளிர்க்கும் பருவத்தில்கூட விடாமல் எடுக்கிறார்கள். இளம் பாசி பெரிய அளவில் போகிறது. ஆகவே எல்லையை விலக்கக் கூடாது. உடனே மூட வேண்டும்.

"மேடம், அவங்க அந்த நாள்ல எறங்கவே மாட்டாங்க. நாம பாக்கணும்னுதான் எறங்கினாங்க," என்றேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "முருகேஷ், எனக்குப் புரியணும். அந்த நாள்ல அவங்க இறங்குவாங்களா, மாட்டாங்களா? இறங்க மாட்டாங்கன்னா முதல் ஆய்வு சரி. இறங்குவாங்கன்னா ரெண்டாவது சரி. ரெண்டுல எதை எடுத்தாலும் மூடத்தானே வேணும்?"

அவர் குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே புரிந்துகொள்ளக் கேட்டார். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். நிலா, நீர் வற்றுவது, வத்தையில் இடம். இந்தியில் ஆரம்பித்து ஆங்கிலத்துக்குப் போய், பாதியில் எனக்கே வார்த்தை அறுந்தது. கிரீஷ் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று அவனாலும் எழுத முடியாது.

ஊரில் கட்டுப்பாடு அன்றோடு போயிற்று. எப்படியும் மூடப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகு யார் காத்திருப்பார்கள்? அமாவாசை, பௌர்ணமி கணக்கெல்லாம் இல்லை; தினமும் வத்தை போகிறது. சிலர் இரும்புத் தகடு கொண்டுபோகிறார்களாம். பாக்கியம் அத்தை ஒருத்தியிடம் பிடுங்கப் போய் அடிதடியாகியிருக்கிறது. இப்போது அவள் உப்பளத்து வேலைக்குப் போகிறாள். "நீயும் சுரண்டுறியாம்மா?" என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. பாரில் இனி வெறுங்கல்தான் மிஞ்சும். அதைச் சுற்றி மிதவை போட்டு நாங்கள் காப்பாற்றுவோம்.

7

ஹோலிக்கு முந்தைய வாரம் மேடம் கூப்பிட்டார். கரையில் நடுவதற்கு எச்சரிக்கைப் பலகை தயாராகிறது. தமிழை யாரோ இயந்திரத்தில் போட்டு மொழிபெயர்த்திருக்கிறார்கள், சரிபார்க்க முடியுமா என்றார். அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாங்கிப் பார்த்தேன். அது தமிழாகவே இல்லை. மாட்டேன் என்று சொல்லலாமா என்று வண்டியில் வானவடி வரை யோசித்துக்கொண்டே போனேன். நான் எழுதாவிட்டால் அந்தக் கோணல் வரிகளே நடப்படும். எப்படியும் பலகை நிற்கும். அறையில் உட்கார்ந்து மூன்று வரி எழுதினேன். ஷெரின் காபி கொண்டுவந்தவள் திரையைப் பார்த்து, "வாவ், அழகா இருக்கு அண்ணா. என்ன எழுதியிருக்கு?" என்றாள். ஆபீஸ் வேலை என்றேன்.

நேற்று மாலை ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள். இரைச்சலில் காதோடு போனை அழுத்திக்கொண்டேன்.

"ஏய்யா, கரையில பெரிய போர்டு ஒண்ணு நட்டுருக்காக. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாளுக. இங்க ஒரு பய, வத்தை நிறுத்தக் கூடாதுன்னு போட்டிருக்குங்கறான். பக்கத்து வீட்டுப் புள்ளைய விட்டுப் போட்டா புடிச்சு ஒனக்கு அனுப்பச் சொல்லியிருக்கேன். வந்ததும் என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லு."

"இது பாதுகாக்கப்பட்ட கடல் பகுதி. இந்த மிதவைகளுக்கு உள்ளே எந்த நாளிலும் பாசி எடுக்கக் கூடாது. மீறினால் படகும் சாக்கும் பறிமுதல் செய்யப்படும்," என்று மூன்று வரியையும் சொன்னேன்.

அங்கே காற்று இரைந்தது.

"போட்டா இன்னும் அனுப்பலயேய்யா," என்றாள்.